டெங்குத் தடுப்பூசி மூன்று: எங்கள் பிள்ளைகளுக்கு எது?

2017 மார்ச்சில் கிண்ணியாவில் வீட்டுக்கு வீடு டெங்குக் காய்ச்சல். அந்த வருடம் இலங்கை முழுக்க 186,000 பேருக்கு மேல் நோய் பதிவானது. அக்காவின் மூத்தவளும் மூன்று வயதில் அப்போது படுத்தவள்தான். போன கிழமை அக்கா கேட்டாள்: “மூன்று ஊசி இருக்காம், எது நல்லது?”

மூன்றும் ஒரே வழியில் பிறந்தவை. டெங்கு வைரஸின் மரபுச்செய்தி ஆர்என்ஏயில் இருக்கிறது; அதில் நேரடியாகக் கைவைப்பது கடினம். அதனால் டிஎன்ஏயாகப் படியெடுத்து, அதில் திருத்தி, அதிலிருந்து வைரஸை எழுப்புகிறார்கள். போலியோ வைரஸில் இது முடியும் என்று அமெரிக்க விஞ்ஞானிகள் ரகனியெல்லோவும் பால்டிமோரும் 1981இல் காட்டினார்கள். எந்த வைரஸை அடிச்சட்டமாக எடுத்தார்கள் என்பதில்தான் மூன்றும் பிரிகின்றன.

டெங்வாக்ஸியாவின் அடிச்சட்டம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி வைரஸ். அதற்கு டெங்குவின் மேலுறை மட்டும் போர்த்தப்பட்டது. உள்ளே இருக்கும் புரதங்கள் டெங்குவுடையவை அல்ல. பிலிப்பைன்ஸில் எட்டு லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகளுக்குப் போட்ட பிறகு, 2017 நவம்பரில் அதைத் தயாரித்த நிறுவனமே உண்மையைச் சொன்னது: முன்பு டெங்கு வராதவர்களுக்கு, ஊசிக்குப் பின் வரும் டெங்கு கடுமையாகலாம். அதனால் முன்பு டெங்கு வந்ததா என்று முதலில் இரத்தம் சோதிக்க வேண்டியிருந்தது, அப்புறம் மூன்று தடவை ஊசி. பெற்றோர் எப்படி நம்புவார்கள்? இப்போது தயாரிப்பும் நின்றுவிட்டது.

கியூடெங்காவின் அடிச்சட்டம் டெங்குவேதான்: டெங்கு வைரஸின் நான்கு வகைகளில், தாய்லாந்தில் வலுக்குறைக்கப்பட்ட இரண்டாம் வகை. மற்ற மூன்று வகைகளின் உறைகள் அதன்மேல் வருகின்றன. மூன்று மாத இடைவெளியில் இரண்டு ஊசி, முன்சோதனை இல்லை. எட்டு நாடுகளில் நடந்த பெரிய பரிசோதனையில் இலங்கைப் பிள்ளைகளும் இருந்தார்கள். முதல் வருடத்தில் பாதுகாப்பு சுமார் 80 வீதம். குறை ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. முன்பு டெங்கு வராத பிள்ளைகளிடம் மூன்றாம் வகைக்கு எதிராகப் பலன் தெரியவில்லை.

மூன்றாவது, அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் வடிவமைத்து பிரேசிலின் புட்டன்டன் நிறுவனம் வளர்த்தெடுத்தது. வைரஸின் மரபுச்செய்தியில் வால்பக்கத்தில் 30 எழுத்துகளை வெட்டி வலுவைக் குறைத்தார்கள். இரண்டாம் வகை மட்டும் நான்காம் வகையின் உடலில் ஏறியது. மற்றவை முழு டெங்கு. ஒரே ஊசி! வேலைநாள் கூலியை விட்டுவிட்டு மூதூரிலிருந்து பிள்ளையோடு வரும் தாய்க்கு அது எவ்வளவு பெரிய விஷயம். வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆனால் பிரேசிலில் பரிசோதித்த காலத்தில் முதலிரண்டு வகைகளே பரவியதால், மற்ற இரண்டுக்கும் பலனை அளக்க முடியவில்லை.

சரி, அக்காவுக்கு என்ன சொன்னேன்? மூத்தவளுக்கு ஏற்கெனவே டெங்கு வந்திருப்பதால் கியூடெங்கா கிடைத்தால் தயங்காதே என்றேன். ஏழு வயது இளையவனுக்கு இன்னும் வந்ததாகத் தெரியாது. அவனுக்குப் போடுமுன் மூன்றாம் வகை பற்றி டொக்டரிடம் கட்டாயம் கேள் என்றேன்.