பூச்சிக்கால் உண்டு, சுவர் ஏற முடியாது: ஃபேரி அட்டவணை, நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பின்

ஃபே (மாய உலகத்து உயிர்கள்) கேரக்டர்களின் விசித்திர உடல் அம்சங்களை டைஸ் உருட்டி எடுக்கலாமா, நாமே யோசித்து வைக்கலாமா என்று புதிதாக கேம்பெயின் (பல செஷன் நீளும் தொடர் ஆட்டம்) தொடங்கும் நண்பர் கேட்டார். டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர விளையாட்டு) ஐந்தாம் பதிப்பில் 2021-ல் சிறகுள்ள ஃபேரி இனத்தோடு வந்த எட்டு வரி அட்டவணையை வைத்தே பதில் சொல்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு டி8 (எட்டு முக டைஸ்) உருட்டினால் போதும், கேரக்டருக்கு ஒரு முகம் கிடைத்துவிடும். எட்டு வரியும் ஒன்றுபோல் ஒன்று இல்லை: ஒன்று கண்ணுக்கு, ஒன்று மூக்குக்கு, ஒன்று தோலில் படும் குளிருக்கு.

எரிச்சல் ஒன்றே ஒன்று. எந்த அம்சத்துக்கும் ஆட்டத்தில் வேலை கிடையாது. பூச்சிக்கால் விழுந்தவர் முதல் செஷனிலேயே "சுவர் ஏறலாமா?" என்று கேட்பார். விதிப்படி கூடாது. ஏறும் வேகம் தரப்படவில்லை, ஓரடி ஏற மற்றவர்களைப் போல இரண்டடி நடை செலவாகும். ஃபேரிக்குப் பறக்கத் தெரியும் என்பதால் அங்கே சமாளித்துவிடலாம். அதே வரியைப் பறக்காத ஒரு ஃபே கேரக்டருக்குக் கொடுத்தால் அந்தக் கேள்வி செஷனுக்குச் செஷன் வரும்.

நிறம் சார்ந்த அம்சங்கள் இன்னும் மோசம். பல நிறத்தில் மின்னும் தோல் கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் கும்மிருட்டில் டார்க்விஷனுக்கு (இருட்டில் பார்க்கும் திறன்) சாம்பல் நிறத்தின் சாயல்கள் மட்டுமே தெரியும். பாதாளத்துக்குள் விளக்கில்லாமல் போகும் குழுவில் அந்தத் தோலை யாருமே பார்க்க மாட்டார்கள். மூன்றாவது செஷனில் உரியவரே மறந்துவிடுவார்.

இதற்கு மருந்து உண்டு. கேரக்டர் ஷீட்டில் அம்சத்தின் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள்: யார் கவனிப்பார், எந்தச் சூழலில், என்ன மாறும். "உடலைச் சுற்றிக் குளிர்" என்றால், ஒளிந்திருக்கும்போது 5 அடிக்குள் நிற்பவரின் பாஸிவ் பெர்செப்ஷனுக்கு (டைஸ் உருட்டாமலே கவனிக்கும் திறனின் எண்) +5. மினுமினுக்கும் மூடுபனிக்கு, தீப்பந்தம் அருகில் இருந்தால் ஸ்டெல்த்தில் (ஒளிந்து நகரும் திறன்) டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டி, குறைந்ததை எடுப்பது), இருட்டில் ஒன்றும் இல்லை. மினுமினுப்பு வேறு, ஒளி வேறு என்று முன்பே பேசிவிடுங்கள். இல்லையென்றால் அதையே விளக்காகப் பயன்படுத்தப் பார்ப்பார்கள். கெடுதல் எழுதினால் அதே அளவு நன்மையும் எழுதுங்கள், அடுத்தவர் முகம் சுளிக்க மாட்டார்.

எதிர்பாராத மகிழ்ச்சி, அட்டவணையில் இல்லாமல் நாமே சேர்த்த ஒரு வரியில் கிடைத்தது: பின்னோக்கித் திரும்பிய பாதம். பறக்கும் ஃபேரிக்கு இதைக் கொடுத்து வீணாக்காதீர்கள், தரையில் தடம் விழ வேண்டும். நால்வர் வடக்கே நடந்தால் மூன்று தடம் வடக்கே போகும், ஒன்று தெற்கே வரும். துரத்தி வருபவன் தடம் அறியும் சர்வைவல் ரோலில் தோற்றால், ஒருவர் பிரிந்து திரும்பிவிட்டார் என்று நம்பி ஆட்களில் பாதியைத் தெற்கே அனுப்புவான். ஒரே ஒரு உடல் அம்சம் எதிரியின் படையையே பிரித்துவிடுகிறது! ஸ்காண்டிநேவியக் கதைகளின் ஹுல்ட்ராவுக்குள்ள குடைந்த முதுகும் இதே வகை. முன்னால் நிற்பவருக்குச் சாதாரணப் பெண், திரும்பினால்தான் தெரியும். யார் எங்கே நிற்கிறார் என்பதே முக்கியமாகிவிடும்.

எட்டு வரி போதவும் போதாது. ஃபே அரசவைக்கு நான்கு என்பிசிக்கு (ஆட்டத்தை நடத்துபவர் இயக்கும் பாத்திரம்) உருட்டினால், இருவருக்காவது ஒரே அம்சம் விழும் வாய்ப்பு 59 சதவீதம். 20 வரியாக நீட்டி டி20 உருட்டினால் 27 சதவீதம்.

நண்பருக்கு என் பதில்: உருட்ட வேண்டாம். இத்தனை பாராட்டிவிட்டு இப்படிச் சொல்வது முரண்தான். ஆனால் பூச்சிக்கால் கேள்வியை இன்னொரு முறை கேட்கும் பொறுமை இப்போது இல்லை. திரும்பிய பாதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், பூட்ஸ் எப்படி மாட்டுவது என்பதை முதல் செஷனுக்கு முன்பே முடிவுசெய்துவிடுங்கள்.