பாக்கெட் புல்லா, தோட்டத்துப் புல்லா: நோயாளி முயலுக்கு எது தோது?

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டின் சந்தைக்குப் பின்னால், பப்பாளிப் பெட்டி ஒன்றில் யாரோ விட்டுப் போன முயல் அது. பழுப்பு நிறம். பக்கத்து வீட்டுப் பிள்ளை பார்த்ததுமே ‘மைலோ’ என்று பேர் வைத்துவிட்டது. எடை 1.4 கிலோ. வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் காலை, விரித்திருந்த துண்டில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. பற்பசையைப் பிதுக்கி வைத்த மாதிரி. விரலில் தேய்த்தால் நறநறவென்றது. அதுதான் அதன் சிறுநீர். புழுக்கையோ மிளகு அளவுக்குச் சிறுத்து, முடியில் கோத்த மணி போலத் தொங்கியது. மத்தியானத்துக்கு மேல் அதுவும் நின்றுவிட்டது.

நம் உடம்பு வேண்டிய அளவு சுண்ணாம்புச் சத்தை மட்டும் குடலில் எடுத்துக்கொண்டு மீதியை மலத்தோடு தள்ளிவிடும். முயலுக்கு அந்தக் கணக்கு கிடையாது. தீனியில் எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ப இரத்தத்தில் ஏற்றிக்கொள்ளும். மிச்சத்தைச் சிறுநீரகம்தான் வெளியே அனுப்ப வேண்டும். அதனால் நல்ல முயலின் சிறுநீரே கொஞ்சம் கலங்கலாகத்தான் இருக்கும். தண்ணீர் குறைந்து, கூண்டுக்குள் அசையாமல் கிடந்தால், அந்தச் சுண்ணாம்பு மூத்திரப்பையின் அடியில் வண்டலாகத் தங்கிவிடும். வண்டல் வலிக்கும். வலித்தால் முயல் சாப்பிடாது. சாப்பிடாவிட்டால் குடல் ஓட்டம் நிற்கும், உடம்பில் நீர் வற்றும், வண்டல் இன்னும் இறுகும். எது முதலில் வந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாத சுற்று இது.

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் எல்லாவற்றையும் ஒரே உரைகல்லில்தான் உரசிப் பார்த்தேன்: இது அதன் உடம்புக்குள் தண்ணீர் சேர்க்குமா, வாயை அசைய வைக்குமா, நாளைக்கும் நாளன்றைக்கும் என்னால் இதைச் செய்ய முடியுமா?

பக்கத்து டாக்டரா, ஈப்போவா

டவுனில் ஒரு கிளினிக்குக்கு முதலில் போன் போட்டேன். “முயல் பார்ப்பீங்களா?” என்றதற்கு, “கொண்டு வாங்க” என்றார்கள். இந்தக் கேள்வியால் பிரயோஜனம் இல்லை என்று பிறகுதான் புரிந்தது. கேட்க வேண்டியது, “முயலுக்கு வாய்வழியா அமாக்ஸிசிலின் கொடுப்பீங்களா?” என்பது. பூனைக்கும் நாய்க்கும் சாதாரணமாகக் கொடுக்கிற அந்த மருந்து முயலின் வயிற்றுக்குள் போனால் குடலில் உள்ள நல்ல கிருமிகள் செத்து, கெட்டவை பெருகி, உயிரையே எடுத்துவிடும். மறுபடியும் போன் போட்டுக் கேட்டபோது, “கொடுக்கலாமே” என்று பதில் வந்தது. சரி, நன்றி என்று வைத்துவிட்டேன்.

மாடு, ஆடு, கோழிக்கென்று இருக்கும் அரசாங்கக் கால்நடை அலுவலகத்தில் எக்ஸ்ரேயை எதிர்பார்க்க முடியாது. ஈப்போவில் 1948 முதல் இருக்கும் கால்நடை ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார் ஓர் அண்ணன். அது நோய்களை ஆராய்கிற, தடுப்பூசி தயாரிக்கிற இடம். செல்லப்பிராணி கிளினிக் இல்லை. செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது, ஆனால் இங்கிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல். வயிறு நின்றுபோன முயலுக்கு அவ்வளவு தூரம் தாங்காது. 10, 12 மணி நேரம் எதுவுமே தின்னாத முயல் அவசரக் கேஸ். விடியட்டும், திங்கட்கிழமை பார்க்கலாம் என்பதெல்லாம் இங்கே எடுபடாது. ஏறக்குறைய 30 கிலோமீட்டரில், முயல் பார்த்துப் பழகிய ஒரு டாக்டர் ஈப்போவில் கிடைத்தார்.

அவர் செய்ததில் எனக்குப் பிடித்தது ஒன்று. நம் வீட்டில் இனிப்புநீர் உள்ளவர்கள் வைத்திருப்பது போன்ற சின்ன மெஷினில், காதில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்த்தார். லிட்டருக்கு 20 மில்லிமோலுக்கு மேல் போனால் குடல் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டுமாம். மைலோவுக்கு அவ்வளவு ஏறவில்லை. எக்ஸ்ரேயிலும் குடலில் அடைப்பு இல்லை, காற்றுதான். மூத்திரப்பை மட்டும் எலும்பைப் போல வெள்ளை வெளேரென்று தெரிந்தது.

கழுவி எடுப்பதா, தானே வெளியேற விடுவதா

மயக்கம் கொடுத்து, குழாய் விட்டு, சலைனால் மூத்திரப்பையைக் கழுவி எடுக்கலாம். ஒரே நாளில் வண்டல் போய்விடும். ஆனால் குடல் நின்ற முயலுக்கு மயக்க மருந்து கூடுதல் ஆபத்து. இன்னொரு வழி, தினமும் தோலுக்கடியில் சலைன் ஏற்றி, வலி மருந்து கொடுத்து, ஓடியாட விட்டு, தானாகவே வெளியேற்ற வைப்பது. இது மெதுவான வேலை, கெட்டியாகிவிட்ட வண்டலுக்குப் போதாமலும் போகலாம்.

நாங்கள் இரண்டையும் வரிசைப்படுத்தினோம். முதலில் நீர், பிறகு வலிக்கு மெலாக்ஸிகாம் (உடம்பு வற்றிக் கிடக்கும்போது அந்த மருந்து சிறுநீரகத்துக்கு ஆகாது, அதனால்தான் இந்த வரிசை), குடல் ஓடத் தொடங்கியதும் கழுவல். பத்து நாள் கழித்துக் கழுவினார்கள். கழுவினால் நோய் போய்விட்டது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: பழைய தீனியையே போட்டால் பழையபடி நிரம்பிவிடும். சாக்கடையைத் தூர் வாரிவிட்டு மேலேயிருந்து குப்பை கொட்டுகிற கதைதான்.

புல்

அசல் சண்டையே இதில்தான். கடையில் விற்கும் காய்ந்த புல் பெரும்பாலும் இரண்டு வகை: அல்ஃபால்ஃபா, டிமோதி. அல்ஃபால்ஃபா பச்சையாக, வாசமாக இருக்கும், முயல் பாய்ந்து தின்னும். பெட்டிக்குள் மைலோவோடு கிடந்த பாக்கெட்டும் அதுதான். குட்டிக்கு நல்லது. வளர்ந்த முயலுக்கு, அதிலும் மூத்திரப்பையில் சுண்ணாம்பு தங்கியதற்கு, அறவே கூடாது. டிமோதி புல்லைவிட அதில் ஏறக்குறைய மூன்று மடங்கு சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. இந்த இரண்டுக்கும் இடையில் யோசிக்கவே வேண்டாம், டிமோதிதான்.

ஆனால் டிமோதி கப்பலில் வருகிற புல். ஒரு கிலோ வாங்குகிற காசில் எங்கள் வீட்டுக்கு மூன்று நாள் மீன் வாங்கலாம். சுங்கை சிப்புட்டில் கிடைக்காது. ஆர்டர் போட்டு, மழை நாளில் வந்து சேர்ந்தால் பூஞ்சை வாடை அடிக்கும். பூஞ்சைப் புல்லைப் போடுவதைவிடப் பட்டினி போடலாம் போலிருக்கும்.

அப்போதுதான் பழைய லயத்துப் பக்கம் மாடு வளர்க்கும் தாத்தா, “இங்க இவ்ளோ யானைப்புல் இருக்கே, எதுக்கும்மா காசு குடுத்து வைக்கோலு வாங்குற?” என்றார். கேலியாகத்தான் சொன்னார், ஆனால் கேள்வியில் நியாயம் இருந்தது. ரும்புட் காஜா என்று எல்லோரும் சொல்லும் அந்த யானைப்புல்லில் எடையில் பெரும்பகுதி தண்ணீர். காய்ந்த புல்லில் நார் இருக்கிறது, நீர் இல்லை. மைலோவுக்கு இரண்டும் வேண்டும். வயிற்றுக்கு நார், மூத்திரப்பைக்கு நீர். பச்சைப்புல் ஒரே வாயில் இரண்டையும் கொடுக்கிறது.

ஆபத்தும் அதே புல்லில்தான். செம்பனை மரத்தடியில் வளரும் எதையும் நான் அறுக்க மாட்டேன். மரத்தைச் சுற்றி வட்டமாகக் களைக்கொல்லி அடிப்பார்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை நம் நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டார்கள், சரி. கிளைஃபோசேட் போன்றவை இன்னும் உண்டு. மருந்து அடித்த புல் அன்றே வாடாது, பச்சையாகத்தான் நிற்கும். பல நாள் கழித்து மஞ்சளாகும்போதுதான் நமக்குத் தெரியும், அதற்குள் முயல் தின்று முடித்திருக்கும். தீம்பாரில், அதாவது தோட்டக்காட்டில், எலியும் அதிகம், அதன் மூத்திரம் பட்ட புல்லும் வேண்டாம். தாத்தா மாட்டுக்கென்று தானே நட்டு, மருந்து அடிக்காமல் வைத்திருந்த பாத்தியில் மட்டும் அறுத்து, நன்றாக அலசி, நீர் வடிய விட்டுப் போட்டேன். அறுத்த புல்லைச் சாக்கில் அமுக்கி வைத்தால் சூடேறிப் புளித்துவிடும். மெஷின் போட்டு வெட்டிய துகளும் அப்படித்தான், அதைத் தின்றால் வயிறு உப்பும்.

ஒரேயடியாக மாற்றவும் இல்லை. முதல் நாள் ஒரு கைப்பிடி, பிறகு தினமும் கொஞ்சம் கூட்டி, இரண்டு வாரத்தில் பாதிக்குப் பாதி. கையில் டிமோதி ஒரு பை எப்போதும் இருக்கும். அடைமழையில் தாத்தா அறுக்கப் போகாத நாளுக்கு அதுதான் காப்பு. என் தீர்ப்பு: சுத்தமான பாத்தி கைக்கெட்டுகிற தோட்டத்து ஊரில், பச்சைப்புல் முன்னுக்கு, டிமோதி துணைக்கு. பாத்தியைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் பேசாமல் டிமோதிக்குக் காசு கொடுங்கள்.

லாலாங் புல் வேண்டாம், முற்றினால் ஓரம் அறுக்கும். இஸ்ரேல் புல் என்று கம்பத்தில் முயலுக்குப் போடுவது பெயருக்குத்தான் புல், உண்மையில் அகல இலைச் செடி. அதையே முழுத் தீனியாக்கக் கூடாது.

கீரையில் ஒரு மனத்தாங்கல். பக்கத்து வீட்டு அக்கா அன்போடு முருங்கைக் கீரை கொண்டுவந்தார், இன்னொருவர் அகத்தி. நமக்கு எலும்புக்கு நல்லது என்று எதைச் சொல்கிறோமோ அதுவேதான் இதற்கு ஆகாது, அவ்வளவு சுண்ணாம்புச் சத்து. பாயாம், காயிலான் கீரைகளும் அப்படியே. கங்கோங் கீரை, கொத்தமல்லி, சாலட் இலை கழுவிய ஈரத்தோடு பரவாயில்லை. அதற்காகச் சுண்ணாம்பே இல்லாத தீனி தேடவும் வேண்டாம். வளர்ந்துகொண்டே இருக்கும் பல்லுக்கு அது தேவை.

பாட்டிலா, கிண்ணமா

கடைக்காரர் தொங்கவிடும் பாட்டிலைத்தான் தருவார். சுத்தமாக இருக்கும், கொட்டாது. ஆனால் அந்தக் குண்டை நக்கி நக்கிக் குடிப்பது முயலுக்குச் சிரமம், கொஞ்சம் குடித்ததும் சலித்துவிடும். கனமான பீங்கான் கிண்ணத்தில் தலையைக் குனிந்து குடிப்பது அதற்கு இயல்பு. முயலுக்கு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 50 முதல் 100 மில்லி தண்ணீர் வேண்டும். மைலோவுக்கு 70 முதல் 140. அளவுக் குவளையால் ஊற்றி, மறுநாள் மிச்சத்தை அளந்தேன். பாட்டிலில் 40கூடத் தாண்டவில்லை, கிண்ணத்தில் 90. இதற்கு மேல் அலச ஒன்றுமில்லை.

ஊட்டுவதா, பொறுப்பதா

“பசித்தால் தானா தின்னும்” என்பது நாய்க்குப் பொருந்தலாம். முயலுக்குப் பொருந்தாது. அடைப்பு இல்லை என்று எக்ஸ்ரே சொன்ன பிறகு ஊட்டியே ஆக வேண்டும். அதற்கு முன் ஊட்டுவது ஆபத்து, முயலால் வாந்தி எடுக்க முடியாது.

கிரிட்டிக்கல் கேர் என்று நோயாளி முயலுக்கு ஊட்டுகிற மாவு ஒரு பங்குக்கு வெதுவெதுப்பான தண்ணீர் இரண்டு பங்கு. அது தீர்ந்துபோன ஓர் இரவில், மைலோ வழக்கமாகத் தின்னும் பெலட் என்ற கட்டித் தீனியையே ஊறவைத்துக் குழைத்தேன். ஊசித் துவாரத்தில் அடைத்துக்கொண்டது, அரிசிச் சல்லடையில் தேய்த்து வடிகட்டியதும் இறங்கியது. அவசரத்துக்கு அது போதும், வாடிக்கையாக்க மாவுதான் தோது. மைலோவைத் துண்டில் சுற்றி, நாலு காலும் தரையில் இருக்க, முன்பல்லுக்குப் பின்னால் கன்னத்து இடைவெளியில் சிரிஞ்சை நுழைத்து, ஒவ்வொரு மில்லியாக. மென்று விழுங்கும் வரை காத்திருக்க வேண்டும். மல்லாக்கப் போட்டு ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். ஒரு வேளைக்கு 15 மில்லி ஊட்ட எனக்கு 25 நிமிடம் பிடித்தது, ஊட்டியதில் பாதி என் சட்டைக்குத்தான்.

பாட்டி ஓம வாட்டர் கொடுக்கச் சொன்னார். குழந்தைக்குக் கொடுக்கிற கிரைப் வாட்டரும் பேச்சில் வந்தது. இரண்டும் வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். இனிப்பு சேர்ந்தால் குடலில் காற்று கூடும். வயிற்றுக் காற்றுக்குக் கொடுக்கிற சிமெத்திகோன் சொட்டு மருந்தால் கெடுதல் இல்லை, பெரிய பலனும் இல்லை. வாழைப்பழம் காட்டி ஆசை காட்டுவதும் அதே இனிப்புக் கதைதான்.

மற்றவை

கம்பிக் கூண்டு வேண்டாம், கால் புண்ணாகும், நடமாட்டமும் நிற்கும். மரத்தூளைவிடப் பழைய துண்டு மேல். சிறுநீரின் நிறம் அதில்தான் தெரியும். சிவப்பாக இருந்தால் பதறாதீர்கள், தின்ற இலையின் சாயமாகவும் இருக்கலாம். பெண் முயலாக இருந்து உண்மையிலேயே இரத்தம் என்றால் கருப்பையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நனைந்த பின்பக்கத்தை முழுதாகக் குளிப்பாட்டாமல் ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்த்துவது நல்லது. நம்மூர் ஈ ஒரு நாள் அசந்தால் முட்டையிட்டு, புழு தோலைத் துளைத்துவிடும். வெயிலுக்கு ஃபேன் மட்டும் பத்தாது, முயலுக்கு வியர்க்காது. 28 டிகிரிக்கு மேலேயே அதற்குத் திணறல். துணி சுற்றிய ஐஸ் பாட்டில் ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் தானே வந்து சாய்ந்துகொள்ளும்.

நேற்று காலை துண்டில் வெளிர் மஞ்சள் கறை மட்டும். புழுக்கை கொண்டைக்கடலை அளவில், எண்ணிப் பார்க்க முடியாத அளவுக்கு. புல் கட்டோடு வந்த தாத்தா, என்னைச் சாப்பிட்டியா என்றுகூடக் கேட்கவில்லை. கட்டை வாசலில் போட்டுவிட்டு, “என்னம்மா, மூத்திரம் தெளிஞ்சிருச்சா?” என்றார்.