பேராக், சுங்கை சிப்புட் ஒட்டுக்கடைப் பசியாறல்: சீனி இறங்குபவர்கள் எதைக் கேட்பது?

சாப்பிட்ட 2 முதல் 4 மணி நேரத்தில் இரத்தத்தில் சீனி சட்டென இறங்கி, கை நடுங்கி வியர்ப்பவர்களுக்குச் சந்தைப் பக்கத்து ஒட்டுக்கடை தோதானது. தோசைக்காக அல்ல, கொண்டைக்கடலைச் சுண்டலும் அவித்த முட்டையும் கிடைப்பதால். இவற்றை முதலில் சாப்பிட்டுவிட்டு ஒரே ஒரு தோசை போதும். சீனி மெதுவாக ஏறும், இன்சுலினும் அவ்வளவாக எகிறாது.

காரியத்தைக் கெடுப்பது, இனிப்பான கெட்டிப்பால் ஊற்றி இழுத்து ஆற்றும் தேநீரான தே தாரேக்தான். 2 மேசைக்கரண்டி கெட்டிப்பாலிலேயே ஏறக்குறைய 20 கிராம் சீனி! ‘சீனி குறைச்சு’ என்று சொன்னாலும் கலக்குபவர் கை கேட்காது. ‘தே சி கோசோங்’ (இனிப்பில்லாத பால் ஊற்றி, சீனி போடாத தேநீர்) என்றே கேளுங்கள். இடியாப்பத்துக்கு நாட்டுச்சீனி வேண்டாம், குழம்பு ஊற்றிக்கொள்ளலாம். சுண்டல் சீக்கிரம் தீர்ந்துவிடுவது பெரிய குறை.

இரத்தச் சீனி பார்க்கும் கருவி லிட்டருக்கு 3.9 மில்லிமோலுக்குக் கீழே காட்டினால் 15 கிராம் சீனியைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி சோதியுங்கள். ஏறியதும் கொஞ்சம் சுண்டலும் ஒரு முட்டையும். இல்லையென்றால் திரும்பவும் இறங்கலாம்.