காலி டப்பாவில் அடுப்பு: ஸ்பிரிட்டா, சுள்ளியா, மெழுகா?

அரை லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். பரீட்சை இவ்வளவுதான். கையில் இருப்பவை சில காலி டப்பாக்கள், ஒரு பேனாக்கத்தி, கத்தரி, ஆணி, அடிப்பதற்கு ஒரு கல். வெள்ளம், புயல் என்று எல்லாம் நின்றுபோன நேரத்தில் ஓர் அடுப்பிடம் முதலில் கேட்பது நல்ல தண்ணீரைத்தான். குமிழ் பொங்க ஒரு நிமிடம் கொதித்தால் நோய்க்கிருமிகள் செத்துவிடும். 2,000 மீட்டருக்கு மேலே இருந்தால் 3 நிமிடம் விடவேண்டும், ஏனென்றால் உயரத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்க ஆரம்பித்துவிடும். ரசாயனம் கலந்த தண்ணீரை எவ்வளவு கொதிக்க வைத்தாலும் சரியாகாது. அதற்கு எந்த அடுப்பும் மருந்தில்லை.

டப்பா அடுப்பில் நூறு வடிவங்கள் உண்டு. எரிபொருளை வைத்துப் பார்த்தால் மூன்றே ரகம்: ஸ்பிரிட் ஊற்றி எரிப்பது, சுள்ளி ஒடித்துப் போட்டு எரிப்பது, அட்டைச் சுருளில் மெழுகை ஊற்றி எரிப்பது. மூன்றையும் செய்து, மூன்றிலும் விரலைச் சுட்டுக்கொண்டவன் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 20 டிகிரியில் இருக்கும் அரை லிட்டர் தண்ணீரை 100 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 167 கிலோஜூல் வெப்பம் தேவை. ஸ்பிரிட்டில் எரியும் ஆல்கஹாலான எத்தனால் ஒரு மி.லி. எரிந்தால் சுமார் 21 கிலோஜூல் வரும். ஒரு கிராம் உலர்ந்த விறகு 15 அல்லது 16 தரும். ஒரு கிராம் மெழுகு 42 வரை. அப்படியென்றால் ஒரு சொட்டு வெப்பம்கூட வீணாகாத உலகத்தில் 8 மி.லி. ஸ்பிரிட், 11 கிராம் விறகு, 4 கிராம் மெழுகு போதும். நாம் அந்த உலகத்தில் இல்லை. பாதி வெப்பம் பாத்திரத்தின் ஓரத்தில் ஏறிக் காற்றோடு போய்விடும். நல்ல காற்றுத் தடுப்பு வைத்தால் ஸ்பிரிட் 15 முதல் 20 மி.லி. செலவாகும். சுள்ளியில் ஒரு கைப்பிடி, சமயத்தில் இரண்டு. காகிதத்தில் மெழுகு ஜெயிக்கிறது, இல்லையா? கொஞ்சம் பொறுங்கள்.

ஸ்பிரிட்: அழகி, ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் சுடுவாள்

குளிர்பான கேனின் பக்கச்சுவர் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். கத்தரியே போதும். ஆனால் நேராக வெட்டுவதில்தான் எல்லாருக்கும் கோணல் வரும். அதற்கு ஒரு வழி: கத்தியை ஒரு தடித்த புத்தகத்தின் மேல் படுக்கவைத்து, முனை மட்டும் வெளியே நீட்டியிருக்க, கேனை அதில் உரசியபடி மெல்லச் சுற்றுங்கள். பத்துச் சுற்றில் ஒரு கீறல் விழும். கட்டைவிரலால் கீறலை அழுத்தினால் வரியோடு பிரிந்து வரும். ஓரம் பிளேடு மாதிரி இருக்கும், ஜாக்கிரதை.

இரண்டு கேன்களின் அடிப்பாகத்தை ஒன்றுக்குள் ஒன்று செருகும் இரட்டைச் சுவர் மாதிரி பார்க்க ஜோராக இருக்கும். சிக்கல், இரண்டும் ஒரே அளவு. திறக்காத கேன் ஒன்றை அடிப்பாகத்துக்குள் அழுத்தித் திருகி வாயைச் சற்று அகலப்படுத்தினால்தான் மற்றது உள்ளே போகும். முதல் மூன்று முயற்சியில் எனக்குக் கிழிந்துதான் போனது. இப்போது அந்த வம்புக்கே போவதில்லை. குட்டையான சின்ன டின் ஒன்றை எடுத்து, விளிம்புக்குக் கீழே காகிதத்தில் துளைபோடும் பஞ்ச் கருவியால் இரண்டு வரிசை ஓட்டை போட்டால் போதும். ஐந்து நிமிட வேலை. ஸ்பிரிட்டை ஊற்றிப் பற்றவைத்து, அரை நிமிடம்போலப் பொறுத்து, பாத்திரத்தை நேரே அதன் தலையில் வைக்கவேண்டும். வாய் மூடியதும் ஆவி பக்கத் துளைகள் வழியே பீறிட்டு எரியும். அவசரப்பட்டுச் சீக்கிரம் வைத்தால் அணைந்துவிடும். டின்னைவிடப் பாத்திரம் அகலமாக இருக்கவேண்டும், இல்லையென்றால் தீ பக்கவாட்டில் ஏறி வீணாகும்.

சத்தமில்லை, புகையில்லை, பாத்திரத்தில் கரி இல்லை. ஏழெட்டு நிமிடத்தில் கொதி வந்துவிடும். ஆட்டத்திலேயே இதுதான் நாகரிகமான அடுப்பு. பிரச்சினையும் அந்த நாகரிகத்தில்தான். பகல் வெளிச்சத்தில் ஸ்பிரிட் தீ கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்துப் பாட்டிலைச் சாய்த்தால், தீ தாரையைப் பிடித்துக்கொண்டு பாட்டிலுக்கே ஏறும். இந்த அடுப்பில் பெரிய விபத்து நடப்பது இப்படித்தான். நான் கைக்கொள்ளும் வழக்கம்: அடுப்பு ஆறி, விரலால் தொட்ட பிறகுதான் மறுபடி ஊற்றுவது. அப்போதும் பாட்டிலிலிருந்து நேராக ஊற்றாமல் ஒரு சின்ன மூடியில் அளந்து ஊற்றுவது.

எந்த ஸ்பிரிட் என்பதும் முக்கியம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் எரியும், ஆனால் மஞ்சளாக எரிந்து கரி பூசும். 70 சதவீதம் என்று எழுதியிருந்தால் மீதியில் பெரும்பகுதி தண்ணீர்; கடைசியில் அதுதான் அடியில் தங்கும். மெத்தனால் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்பில் ஏறும் விஷம், பார்வையைப் பறிக்கக்கூடியது. பெட்ரோலை இதில் ஊற்றவே கூடாது. எத்தனால் ஆவி பற்றிக்கொள்ள 13 டிகிரி போலச் சூடு வேண்டும், பெட்ரோலுக்குப் பூஜ்யத்துக்கு 40 டிகிரி கீழே இருந்தாலே போதும். அது அடுப்பாக இருக்காது, வெடியாக இருக்கும். அதே 13 டிகிரிதான் குளிர்ப் பிரதேசத்தில் ஸ்பிரிட் அடுப்பு முரண்டு பிடிப்பதற்கும் காரணம்: குளிர்ந்த ஸ்பிரிட்டில் தீக்குச்சியைக் காட்டினால் மனமே வராமல் எரியும். பாட்டிலைச் சட்டைக்குள் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் சரியாகும்.

சுள்ளி: அழுக்கு, ஆனால் பசிக்குக் கிடைத்ததைத் தின்னும்

இதற்கு வேண்டியது தகர டின், அதாவது இரும்பில் வெள்ளீயம் பூசியது. கால்வனைஸ்டு வாளி, அதாவது துத்தநாகம் பூசியது, வேண்டாம். அதன் துத்தநாகம் சூட்டில் புகையாகி, சுவாசித்தால் காய்ச்சல் கண்டு படுக்கவைக்கும். டின்னின் உட்புறம் பூசிய பிளாஸ்டிக் படலம் போக, ஒருமுறை திறந்த வெளியில் வெறுமனே தீமூட்டி எரித்துவிட வேண்டும்.

ஆணியால் அடியைச் சுற்றி ஓட்டை போட்டு, ஒரு பக்கத்தில் சுள்ளி செருக ஒரு சின்ன வாசல் வெட்டினாலே அடுப்புதான். வெறும் டின்னில் ஆணி அடித்தால் நசுங்கும். ஈர மணலை இறுக அடைத்துவிட்டு அடியுங்கள், ஓட்டை சுத்தமாக விழும்.

இன்னொரு டின் இருந்தால் இதை ஒரு படி உயர்த்தலாம். சின்ன டின்னைப் பெரிய டின்னுக்குள் இடைவெளி விட்டு நிறுத்தி, உள் டின்னில் அடியிலும் வாய்க்குக் கீழேயும் துளை வரிசை, வெளி டின்னில் அடிப்பக்கம் மட்டும் துளை. சுள்ளியை நிரப்பி மேலே பற்றவைக்கவேண்டும், கீழே அல்ல. சூட்டில் விறகு கக்கும் புகையே ஒரு வாயு எரிபொருள். இரண்டு சுவருக்கும் நடுவே சூடாகி ஏறிய காற்று மேல் துளைகளில் வந்து அந்தப் புகையைப் பற்றவைக்கும். பிடித்துக்கொண்டதும் துளைதுளையாகத் தீ உள்நோக்கிப் பாய்வதைப் பார்க்கவேண்டும்! புகை பெரும்பாலும் மறைந்துவிடும். ஈரச் சுள்ளி என்றால் இந்த மாயம் எதுவும் நடக்காது.

அமெரிக்கப் பொறியாளர் லாரி வினியார்ஸ்கி 1982 வாக்கில் வடிவமைத்த ராக்கெட் அடுப்பும் இந்தக் குடும்பத்து உறவுதான்: எல் வடிவக் குழாய், சுற்றிலும் வெப்பத்தைக் காக்கும் அடைப்பு. அதைப் பார்த்துப் பலர் இரண்டு டின்னுக்கு நடுவே மணலை நிரப்புகிறார்கள். மணல் சூட்டைக் காக்காது, தானே குடித்துவிடும். சாம்பல் நல்லது, உள்ளே காற்றுப் பைகள் நிறைய.

சுள்ளி அடுப்பின் குறைகள் தெரிந்தவைதான். பக்கத்திலேயே உட்கார்ந்து விரல் தடிமன் சுள்ளியாக ஊட்டிக்கொண்டே இருக்கவேண்டும். கண் எரியும். பாத்திரம் கரி பிடிக்கும். வெளிப்புறம் முன்னமே சோப்பைக் குழைத்துப் பூசிவிட்டால் கழுவும்போது கரி வழுக்கிக்கொண்டு போகும். மூன்று நாள் மழைக்குப் பிறகு உலர்ந்த சுள்ளி தேடுவதும் பெரும்பாடு. தடித்த கட்டையைப் பிளந்தால் நடுப்பகுதி பெரும்பாலும் காய்ந்தே இருக்கும் என்பது அப்போது கைகொடுக்கும்.

மெழுகு

தட்டையான மீன் டின்னில் நெளி அட்டையைச் சுருட்டி வைத்து, உருக்கிய மெழுகை ஊற்றினால் முடிந்தது. மூன்றிலும் செய்வதற்கு எளியது, ஒரு மணி நேரத்துக்கு மேல் எரியும், வருடக்கணக்கில் கெடாமல் கிடக்கும். ஆனால் முதலில் சொன்ன 42 கிலோஜூலில் ஒரு பங்கு இங்கே கரும்புகையாகப் போகிறது. கரி என்றால் சுள்ளிக் கரி மாதிரி இல்லை, பிசுபிசுவென்று கையோடு வரும். தீயைக் கூட்டவோ குறைக்கவோ ஒரு மூடியைப் பாதி இழுத்துவிடுவதைத் தவிர வழியில்லை. அணைக்கவும் மூடிதான், தண்ணீர் ஊற்றினால் அது நொடியில் ஆவியாகி, எரியும் மெழுகை எட்டுத் திசைக்கும் தெறிக்கவிடும். உருக்கும்போதும் நேரடித் தீயில் வைக்காமல் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கவேண்டும். ஈரமான இரவில் விறகைப் பற்றவைக்க இதைவிட நல்ல கொள்ளி கிடையாது. அடுப்பு என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள்.

மூன்றுக்கும் பொதுவான ஒன்று கார்பன் மோனாக்சைடு. மணமில்லை, ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். கூடாரத்துக்குள்ளோ மூடிய அறையிலோ மூன்றில் எதுவும் எரியக்கூடாது. ஸ்பிரிட் புகையில்லாமல் எரிவதால் உள்ளே வைத்தால் என்ன என்று தோன்றும், தோன்றவிடாதீர்கள்.

ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் நான் சுள்ளி டின்னைத்தான் எடுப்பேன். ஸ்பிரிட் அடுப்பின் ஆயுள் பாட்டிலின் ஆயுள். 200 மி.லி. தீர்ந்தால், பத்துப் பன்னிரண்டு தடவை கொதிக்கவைத்த பிறகு, அது ஓட்டை போட்ட தகரம் மட்டுமே. சுள்ளி அடுப்புக்குத் தீர்ந்துபோவது என்று ஒன்றில்லை, காய்ந்த எதுவும் எரியும். ஒரு ராத்திரிக்கு, பால்கனியில், கரி வேண்டாம் என்றால் மட்டும் ஸ்பிரிட்.

சரி, ஒன்றைத்தான் எடுக்கவேண்டும் என்று யார் சொன்னது? என் பையில் சின்ன ஸ்பிரிட் டின் சுள்ளி டின்னுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. சுள்ளி கிடைக்காத நாளில் வெளி டின்னே அதற்குக் காற்றுத் தடுப்பு, பாத்திரம் நிற்கும் முக்காலியும் அதுதான். அப்படி வைக்கும்போது டின்னின் வாய்க்கும் பாத்திரத்துக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி வரும்படி குறுக்கே இரண்டு நீள ஆணிகளைச் செருகுவேன். இடைவெளி இல்லாத நாளில் உள்ளே சூடு அடைந்து ஸ்பிரிட்டே கொதித்து, தீ வாசல் வழியாக வெளியே நாக்கை நீட்டியது. அன்றிலிருந்துதான் அந்த இரண்டு ஆணிகளும் பையில் இருக்கின்றன.