2,500 ரூபாய் கொடுத்து வாங்கிய சூடு

சென்னை ரிச்சி தெருவில் கணினி அசெம்பிள் செய்யப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

கல்யாண வீடியோ எடிட்டிங்தான் என் தொழில். அதற்காக அங்கே ஒரு கடையில் ஏஎம்டி ரைசன் 5 5600எக்ஸ் பிராசஸர் போட்டுக் கணினி வாங்கினேன். பில் போடும்போது கடைக்காரர், "பிராசஸர் கூலரைப் பெரிதாக மாற்றிவிட்டோம் சார், இன்னும் 2,500 கொடுத்தால் ஓவர்கிளாக்கும் செய்து தருகிறோம்" என்றார். அதாவது, பிராசஸரை அதன் வழக்கமான வேகத்தைத் தாண்டி ஓட வைப்பது. திரையில் 4.5 கிகாஹெர்ட்ஸ் என்று காட்டியதும் மறுபேச்சின்றி எடுத்துக் கொடுத்தேன். சும்மா நிற்கிற கணினி எந்த எண்ணை வேண்டுமானாலும் காட்டும் என்று அப்போது உறைக்கவில்லை.

வீட்டில் முதல் ரெண்டரிங்கில், அதாவது எடிட் செய்ததை முழு வீடியோவாக மாற்றும் வேலையில், பத்தாவது நிமிடத்தில் கணினி அணைந்தது. மறுபடி போட்டேன், மறுபடி அணைந்தது. பெண் வீட்டாரோ தினமும் போன். கடையில் கேட்டால், "வெயில் காலம் சார், ஏசி அறையில் வையுங்கள்" என்றார்கள். அதையும் நம்பினேன். ஒரு வாரம் படுக்கையறை கணினிக்கு, ஹால் குடும்பத்துக்கு.

பிறகுதான் கணினியின் வெப்பத்தையும் வோல்டேஜையும் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளை நிறுவிப் பார்த்தேன். வேலை கொடுத்த இரண்டே நிமிடத்தில் வெப்பம் 90 டிகிரியைத் தாண்டியது. வோல்டேஜ் 1.45இல் பூட்டப்பட்டிருந்தது. உள்ளே தனித்தனியாக வேலை செய்யும் ஆறு பகுதிகளில், அதாவது கோர்களில், ஒன்று மட்டும் பாய்ந்து ஓடும் நொடியில் இந்த பிராசஸர் தானாகவே கிட்டத்தட்ட அவ்வளவு எடுக்கும். ஆனால் ஆறு கோர்களுக்கும் சுமை ஏறினால் தானே குறைத்துக்கொள்ளும். அந்தப் புத்தியைப் பிடுங்கிவிட்டு, எல்லாக் கோர்களுக்கும் 1.45 கொடுத்தால் அடுப்பில் வைத்த மாதிரிதான்.

கூலரைக் கழற்றினேன். அடிப்பாகத்தில், மாட்டும் முன் உரிக்கச் சொல்லி அச்சடித்த பிளாஸ்டிக் தாள் அப்படியே ஒட்டியிருந்தது! பிராசஸரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பேஸ்ட்டை அதன் மேலேயே தாராளமாக அப்பியிருந்தார்கள்.

இன்னொரு கூத்தும் உண்டு. ஒற்றைக் கோர் வேலைகளில் 5600எக்ஸ் யாரும் தொடாமலேயே 4.6 வரை போகும். 4.5இல் பூட்டியதால், நான் காசு கொடுத்து 100 மெகாஹெர்ட்ஸ் இழந்திருக்கிறேன். 3200 வேகம் என்று விற்ற ரேமோ 2133இல் ஓடிக்கொண்டிருந்தது. கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில், ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பியை இயக்கினால் போதும், அதை மட்டும் செய்யவில்லை.

தாளை உரித்து, புது பேஸ்ட் வைத்து, பயாஸைப் பழைய நிலைக்குத் திருப்பி, எக்ஸ்எம்பியை இயக்கினேன். இப்போது முழுச் சுமையிலும் வெப்பம் 70 டிகிரியைத் தாண்டுவதில்லை.

இப்படி யாராவது ஓவர்கிளாக் செய்து தருவதாகச் சொன்னால், பிராசஸருக்கு முழு வேலை கொடுத்துச் சோதிக்கும் சினிபெஞ்ச் மென்பொருளைக் கடையிலேயே பத்து நிமிடம் ஓடவிட்டு, வெப்பத்தையும் வோல்டேஜையும் உங்கள் கண்ணால் பாருங்கள். பில்லில் 'ஓவர்கிளாக்' என்று எழுதி வாங்குங்கள். என் பில்லில் இருந்தது 'சர்வீஸ் சார்ஜ்' மட்டும். ஓவர்கிளாக்கால் வரும் பழுதுக்கு ஏஎம்டியின் வாரண்டி கிடையாது. அந்த விதியை எனக்கு எடுத்துச் சொன்னவர், 2,500 வாங்கிய அதே கடைக்காரர்தான்.

பணம் திரும்பவில்லை. சமாதானத்துக்கு ஒரு மவுஸ் பேட் நீட்டினார்கள். வாங்காமல் வந்துவிட்டேன்.