கழிவில்லாமல் வெட்டிய கர்ப்பகால உடை: நீண்ட நாள் போட்டுப் பார்த்த அனுபவம்

கர்ப்பகாலத்துக்கென்று நானே வெட்டித் தைத்த பருத்தி உடை இது. குழந்தை நடக்கத் தொடங்கிய பிறகும் போட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால் புதுத்துணி மயக்கத்தில் எழுதுவதாக யாரும் நினைக்க வேண்டாம்.

துணி 140 செ.மீ. அகலம், 170 செ.மீ. நீளம். பருத்தி சுருங்கும் என்பதால் முதலில் நனைத்துக் காயவைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கணக்கே மாறிவிடும். முன்பக்கம் 75 செ.மீ. அகலம், பின்பக்கம் 65. அடுத்தடுத்து வைத்தால் முழு அகலமும் தீர்ந்துவிடும். நீளத்தில் முன்பக்கம் 120, பின்பக்கம் 110. இந்த வெட்டில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த 10 செ.மீ. வித்தியாசம்தான். வயிறு தள்ளத் தள்ள உடையின் கீழ்விளிம்பு முன்னால் மேலேறும். அதற்கான துணி இங்கே முன்கூட்டியே இருக்கிறது. அதுவரை வயிற்று மட்டத்தில், பக்கத் தையலில் சின்னக் கொசுவங்களாகச் சுருங்கி நிற்கும். பின்பக்கத்துக்குக் கீழே மிஞ்சும் பட்டையை நீளவாக்கில் பிளந்தால் இரண்டு இடுப்பு நாடா கிடைக்கும்.

மீதி 50 செ.மீ. நீளத்தில் இரண்டு கைகள், இரண்டு பாக்கெட், அக்குளுக்குச் சதுரத் துண்டுகள், கழுத்துக்கு உள்பட்டி. கழுத்தைக்கூட வெட்டி எடுக்கவில்லை. கீறி, இரு பக்கத்தையும் முக்கோணமாக உள்ளே மடித்துத் தைத்தேன். அப்புறம் தையல்: பிசிறாமல் ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷின் ஓரத்தை நறுக்கிக்கொண்டே போகும், அதுவும் கழிவுதான். இந்த வெட்டில் துணியின் இரண்டு கரைகளும், அதாவது நெய்யும்போதே பிசிறாமல் முடிந்த ஓரங்களும், ஒரே பக்கத் தையலில் சேர்வதால் அங்கே பிசிறு கிடையாது. மறுபக்கத்துக்கு, பிசிறை உள்ளே மூடிவிடும் பிரெஞ்சு தையல்.

ஆடைத் தயாரிப்பில் வெட்டும் கட்டத்திலேயே சுமார் 15 சதவீதம் துணி வீணாகிறது என்பது பொதுவான மதிப்பீடு. சரி, அதை மிச்சப்படுத்தலாம். ஆனால் சில மாதங்களில் அலமாரிக்குள் போய்விடும் உடை என்றால் முழுத் துணியும் வீண்தானே? பிரசவத்துக்குப் பிறகு நான் கொசுவத்தைப் பிரித்து, கூடுதல் நீளத்தைக் கீழ்மடிப்பில் ஏற்றிவிட்டேன். கத்தரிக்கு வேலையே இல்லை. அதே சமயத்தில் வாங்கிய ரெடிமேட் கர்ப்பகால பேன்ட்டின் எலாஸ்டிக் வயிற்றுப் பட்டை எப்போதோ தளர்ந்துவிட்டது. ஸ்பான்டெக்ஸ் என்ற இழுபடும் இழை கலந்த பருத்தியை மறுசுழற்சிக்குப் பிரிப்பதும் கடினம். எலாஸ்டிக்கைவிட நாடாவே மேல் என்பது என் தீர்மானம். காலையில் ஒரு இறுக்கம், மாலையில் வேறொரு இறுக்கம், அவ்வளவுதான்.

குறைகளும் உண்டு. துணி அதிகம் என்பதால் கனம் அதிகம், காய நேரமாகும். தோள் கீழே இறங்கி நிற்கும். எடுப்பான தோற்றம் வேண்டுபவர்களுக்குப் பிடிக்காது. கடைசி மாதங்களில் பக்கவாட்டில்தான் படுக்க முடிகிறது, அப்போது கொசுவம் இடுப்பில் உறுத்தும். இரவுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். கோடு போட்ட துணியும் வேண்டாம், பக்கத் தையலில் கோடுகள் சேராது.

முன்பக்கத்தின் கூடுதல் அகலம் மார்பருகே மடிப்புகளாக விழும். அவற்றுக்கு அடியில் பாலூட்டக் கீறல் வைத்திருந்தேன். வெளியே தெரியவே தெரியாது. ஆனால் அவசரத்தில் இழுத்து இழுத்து, கீறலின் அடிமுனை கிழியத் தொடங்கியது. பாக்கெட் ஓரத்திலிருந்து கொஞ்சம் எடுத்து ஒட்டுப்போட்டேன். தைப்பவர்கள் அந்த முனையில் முதலிலேயே ஒரு சின்னத் துண்டு வைத்துவிடுங்கள்.