பாரி ஜிபி: பெரிய எண்களுக்கென்றே நான் போனில் வைத்திருக்கும் மென்பொருள்

சதுரங்கப் பலகையில் கட்டத்துக்குக் கட்டம் தானியத்தை இரட்டிப்பாக்கிக் கேட்ட கதை எல்லோருக்கும் தெரியும். மொத்தக் கணக்கு 2⁶⁴−1, அதாவது 18446744073709551615. சாதாரண கால்குலேட்டர் முதல் சில இலக்கங்களோடு நிறுத்திக்கொள்ளும். பாரி ஜிபி கடைசி இலக்கம் வரை விடாமல் காட்டும். பிரான்சின் போர்தோவில் ஆன்றி கோஹென் குழுவினர் 1980களில் உருவாக்கத் தொடங்கிய மென்பொருள் இது. இலவசம். ஆண்ட்ராய்டில் பாரிட்ராய்டு என்ற பெயரில் கிடைக்கிறது. நெட் தேவையில்லை என்பதால் மும்பையில் செம்பூரிலிருந்து சிஎஸ்எம்டி போகும் ரயிலில் பல வருடங்களாக எனக்கு இதுதான் துணை.

'ஃபேக்டர்' கட்டளை கொடுத்தால் இரண்டு பத்திகளில் விடை வரும்: இடப்பக்கம் பகாக் காரணி, வலப்பக்கம் அதன் அடுக்கு. மேலே சொன்ன எண்ணுக்கு 3, 5, 17, 257, 641, 65537, 6700417. எல்லாம் ஒருமுறைதான் வருகின்றன, ஆகவே மொத்தம் 128 வகுத்திகள். ஏன் இந்த ஏழு? அதை மென்பொருள் சொல்லாது, பேப்பரை எடுக்க வேண்டும். பள்ளியில் படித்த a²−b² சூத்திரத்தைத் திரும்பத் திரும்பப் போட்டால் 3, 5, 17, 257, 65537, 4294967297 என்று பிரிந்துவிடும். கடைசி எண்ணைப் பகா எண் என்றே கணித மேதை ஃபெர்மா நம்பியிருந்தார். 641ஆல் அது வகுபடும் என்று இன்னொரு கணித மேதை ஆய்லர் 1732இல் காட்டினார். பட்டியலில் 641க்கும் 6700417க்கும் இடம் வந்தது அப்படித்தான்.

இதைப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். பத்தாவது படிக்கிறாள். "மாமா, அதோட ரெண்டைக் கூட்டினா?" என்றாள். அருமையான கேள்வி! அதாவது 2⁶⁴+1. அதற்கு 274177, 67280421310721 என இரண்டே காரணிகள். லாண்ட்ரி என்ற கணிதவியலாளர் 1880இல் வெளியிட்ட விடை இது, போனில் கண் இமைக்கும் நேரத்தில் வந்துவிட்டது. நடுவில் இருக்கும் 2⁶⁴இலோ 2ஐத் தவிர வேறு பகாக் காரணியே கிடையாது. அடுத்தடுத்து நிற்கும் மூன்று எண்களுக்குள் இவ்வளவு வித்தியாசம்!

பகா எண்ணா என்று சோதிக்க இரண்டு கட்டளைகள் உண்டு. 'இஸ்சூடோபிரைம்' வேகமானது. 2⁶⁴க்குக் கீழே அது தவறுவதில்லை என்று சரிபார்த்திருக்கிறார்கள். அதற்கு மேலே போனால் நான் 'இஸ்பிரைம்' தான் போடுவேன், அது நிரூபணத்தோடு சொல்லும்.

குறைகளும் உண்டு. போன் கீபோர்டில் அடுக்குக்குறியையும் அடைப்புக்குறியையும் தேடித் தேடித் தட்டுவது எரிச்சல். இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கலைக் கொடுத்துவிட்டால் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று ஒரு தகவலும் காட்டாமல் ஓடிக்கொண்டே இருக்கும், போன் சூடாகிவிடும். சில சமயம் 'ஸ்டாக்', அதாவது கணக்குக்கு ஒதுக்கிய நினைவகம், போதவில்லை என்று நின்றும்விடும், அதைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். அறுபது, எழுபது இலக்கங்களுக்கு மேல் என்றால் நான் லேப்டாப்புக்கு மாறிவிடுவேன். அங்கேயும் இதே கட்டளைகள்தான், புதிதாக எதுவும் கற்க வேண்டியதில்லை.